வேலூரிலிருந்து கடல் தாவர ஆராய்ச்சிக்குப் போக வழி உண்டா?

பேர்ணாம்பட்டிலிருந்து ஒரு தந்தை கேட்டிருக்கும் கேள்வியின் சுருக்கம் இது: "நான் தோல் ஷாப்பில் (தோல் பதனிடும் ஆலையில்) மேற்பார்வையாளராக இருக்கிறேன். மகள் வேலூரில் பி.எஸ்சி. தாவரவியல் இறுதியாண்டு படிக்கிறாள். கடலோரத் தாவரங்கள், கடற்பாசி ஆகியவற்றில் ஆராய்ச்சி செய்து கல்லூரிப் பேராசிரியர் ஆக வேண்டும் என்கிறாள். கடலே இல்லாத மாவட்டத்துப் பிள்ளைக்கு இது ஒத்துவருமா? எத்தனை வருடம் ஆகும், வேலை கிடைக்குமா? பெண் பிள்ளையைப் படகில் அனுப்பலாமா? பேசாமல் பி.எட். படிக்கச் சொல்லலாமா?"

ஐயா, ஒத்துவரும். நானும் குடியாத்தம் பக்கத்துக் கிராமத்துக்காரன்தான். உவர்நிலத் தாவரங்களில் முனைவர் பட்டம் பெற்று, இந்த வட்டாரக் கல்லூரிகளில் தாவரவியல் கற்பித்து ஓய்வு பெற்றவன். பரங்கிப்பேட்டையில் என்னோடு ஆராய்ச்சி செய்தவர்களில் பலர் தருமபுரி, நாமக்கல், ஈரோடு என்று மேட்டு நிலத்திலிருந்து வந்தவர்கள். கடலோரத்தில் பிறந்த பிள்ளைகள் கடலை விட்டு வெளியேறும் படிப்பைத் தேடினார்கள். கடல் பார்க்காதவர்கள் கடலைத் தேடி வந்தார்கள். அதனால் ஊரைப் பற்றிய கவலையை இப்போதே விட்டுவிடலாம். காலத்தையும் வேலையையும் பற்றிய கவலை நியாயமானது. அதற்கு ஒரு வரியில் பதில் சொன்னால் உங்களை ஏமாற்றியதாகும்.

மகளிடம் முதலில் ஒன்றைக் கேளுங்கள். கடல் தாவரம் என்று அவள் சொல்வது எது? ஒரே பெயருக்குள் நான்கு தனித்தனித் துறைகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் வேறு ஊருக்கு, வேறு ஆய்வகத்துக்கு, வேறு வேலைக்குக் கொண்டுபோகும்.

ஒன்று, அலையாத்திக் காடு. பிச்சாவரமும் முத்துப்பேட்டையும் தெரிந்த பெயர்கள். இந்தக் காட்டு மரங்கள் உப்பை ஆளுக்கு ஒரு விதமாகச் சமாளிக்கின்றன. சுரபுன்னை வேரிலேயே உப்பின் பெரும்பகுதியைத் தடுத்து நிறுத்திவிடும். வெண்கண்டல், அதாவது அவிசீனியா மரைனா, உப்பை உள்ளே விட்டு இலை வழியாக வெளியேற்றும். வெயில் ஏறிய நேரத்தில் அதன் இலையை நாக்கில் வைத்துப் பார்த்தால் கரிக்கும். சுரபுன்னையின் விதையோ மரத்தில் தொங்கும்போதே முளைத்து, முருங்கைக்காய் போல நீண்டு, பிறகுதான் சேற்றில் விழும். பிச்சாவரத்தில் இரண்டு சுரபுன்னை இனங்கள் இயற்கையாகக் கலந்து உருவான கலப்பினம் ஒன்றை அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் கதிரேசன் 1995இல் விவரித்து, ரைசோஃபோரா அண்ணாமலையானா என்று பெயரிட்டார். சிதம்பரத்தின் தல மரமான தில்லையும் அலையாத்திக் காட்டு மரம்தான். ஊருக்குள் அரிதாகிவிட்ட அந்த மரத்தைப் பிச்சாவரத்தில் தாராளமாகப் பார்க்கலாம். பால் கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

இரண்டாவது கடற்புல். இது பாசி கிடையாது. வேர், தண்டு, பூ எல்லாம் உள்ள உண்மையான பூக்கும் தாவரம். தண்ணீருக்கடியிலேயே பூத்து, மகரந்தத்தைத் தண்ணீரிலேயே அனுப்பிக் காய்க்கிறது. உலகம் முழுவதும் தேடினாலும் எழுபது இனங்கள் வாக்கில்தான் தேறும். பாக் நீரிணையில் இதன் வெளிகள் பெரியவை. ஆவுளியா என்ற கடற்பசு மேய்வது இந்தப் புல்லைத்தான். 2022 செப்டம்பரில் தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடலில் 448 சதுர கிலோமீட்டரைத் தமிழக அரசு கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்த பிறகு கடற்புல் ஆராய்ச்சிக்கு நல்ல காலம். ஆனால் நீச்சலும், மூச்சுக்கருவி கட்டி மூழ்கும் பயிற்சியும் இல்லாமல் இதில் வெகுதூரம் போக முடியாது.

மூன்றாவது கடற்பாசி. மகள் இறுதியாண்டு என்பதால் அவளுக்கே தெரிந்திருக்கும்: பழுப்புப் பாசிகள் வகைப்பாட்டில் தாவர உலகத்துக்குள்ளேயே வராதவை. இருந்தாலும் நம் நாட்டில் அவற்றைத் தாவரவியலார்தான் படித்துவருகிறார்கள். அந்தப் பழக்கத்தைத் தொடங்கி வைத்தவர்களில் முதன்மையானவர் சென்னையின் எம்.ஓ. பார்த்தசாரதி ஐயங்கார். 1886இல் பிறந்து 1963இல் மறைந்தவர். இந்தியப் பாசியியலின் தந்தை என்று குறிப்பிடப்படுபவர். பாம்பன் அருகே குருசடைத் தீவின் தாவரங்களைப் பற்றி அவர் எழுதியது 1927இல் சென்னை அருங்காட்சியக வெளியீடாக வந்தது. இன்று அந்தத் துறையின் இதயம் இராமநாதபுரம் மாவட்டத்து மண்டபம் என்ற ஊரில் துடிக்கிறது. மத்திய உப்பு மற்றும் கடல்சார் வேதிப்பொருள் ஆராய்ச்சி நிறுவனத்துக்கு அங்கே நிலையம் இருக்கிறது. தலைமையகம் குஜராத்தின் பாவ்நகர். தொடங்கிய ஆண்டு 1954.

நான்கிலும் பணம் அதிகம் புழங்குவது கடற்பாசியில்தான். அகர், ஆல்ஜினேட், காரகீனன் என்ற கூழ்மப் பொருள்களுக்காகவும் பயிர் ஊக்கிக்காகவும் தொழிற்சாலைகள் வாங்குகின்றன. இராமநாதபுரம் கடலோரப் பெண்கள் தலைமுறை தலைமுறையாக மரிக்கொழுந்துப் பாசியும் கட்டக்கோரையும் எடுத்து வாழ்கிறார்கள். பணம் புழங்கும் இடத்தில் சண்டையும் உண்டு. கப்பாஃபைகஸ் என்ற வெளிநாட்டுப் பாசியை வளர்க்கக் கொண்டுவந்தார்கள். அது குருசடைப் பக்கம் உயிருள்ள பவளங்களின் மேல் படர்ந்திருக்கிறது என்று 2008இல் ஆய்வுக்கட்டுரை வெளிவந்தது. மீனவக் குடும்பங்களுக்கு வருமானம் தருகிறது என்று ஒரு தரப்பு. பவளத்தை மூடிக் கொல்கிறது என்று மறு தரப்பு. இரண்டு தரப்பிலும் படித்தவர்கள் இருக்கிறார்கள். என் கருத்தைக் கேட்டால், மன்னார் வளைகுடா தேசியப் பூங்காவின் பக்கத்தில் அதை வளர்க்க அனுமதித்திருக்கவே கூடாது. வருமானத்துக்கு வேறு இடமும் வேறு இனமும் தேடியிருக்கலாம்.

நான்காவதுக்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுத உட்கார்ந்தேன். உப்புச் சதுப்பிலும் மணல்மேட்டிலும் வளரும் சிறு செடிகள்: உமரி, வங்காரவள்ளி, அடம்பு, இராவணன் மீசை. சங்கப் பாடல்களில் நெய்தல் நிலம் வந்தாலே அடும்பங்கொடியும் கூட வரும். ஆராய்ச்சியாளர்களிடம் மட்டும் இவற்றுக்கு மவுசு குறைவு. அலையாத்திக்கு இருக்கும் கம்பீரமோ, பவளக் கடலின் அழகோ கிடையாது. கரிப்பு மண்ணில் தரையோடு கிடக்கும் சதைப்பற்றுச் செடிகள், அவ்வளவுதான். ஆனால் பேர்ணாம்பட்டுப் பெண்ணுக்கு இவற்றைப் போலப் பொருத்தமான ஆராய்ச்சிப் பொருள் வேறு இல்லை என்பேன்.

காரணம் உங்கள் தொழிலிலேயே இருக்கிறது. பச்சைத்தோல் கெடாமல் இருக்க அதன் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் உப்புப் போடுவார்கள். ஊறல் தொட்டியில் அந்த உப்பெல்லாம் தண்ணீருக்கு வந்துவிடும். இதை உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்தத் தண்ணீர் ஆண்டுக்கணக்கில் எங்கே போனது என்பதும் உங்களுக்குத் தெரியும். வேலூர் குடிமக்கள் நலமன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்டில் அளித்த தீர்ப்பு இந்தியச் சுற்றுச்சூழல் சட்டத்தில் மைல்கல். தோல் தொழில் வட்டாரத்தில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ சாகுபடிக்கு உதவாமல் போய்விட்டது என்ற ஆய்வு முடிவை அந்தத் தீர்ப்பு எடுத்துச் சொல்கிறது. வாணியம்பாடியிலும் ஆம்பூரிலும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் வந்தன. தண்ணீரைத் திரும்ப எடுத்தாலும் மிஞ்சும் உப்பு மூட்டை மூட்டையாகக் குவிகிறது. அதை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்ற கேள்விக்கு இன்றும் யாரிடமும் திருப்தியான பதில் இல்லை.

மண் கரைசலின் மின்கடத்து திறன் மீட்டருக்கு நான்கு டெசிசீமன்ஸைத் தாண்டினால் அதை உவர் மண் என்று வகைப்படுத்துகிறோம். நெல்லுக்கு மூன்றிலேயே மகசூல் குறையத் தொடங்கும். கடல்நீரோ ஐம்பது வாக்கில் நிற்கும். அந்த ஐம்பதில் பிறந்து வளர்ந்து பூத்துக் காய்க்கிற செடிதான் உமரி. சோடியத்தை இலைச் செல்லின் நடுக்குமிழுக்குள் அடைத்துப் பூட்டிவிடுகிறது. வெளியே இருக்கும் செல்நீர் வற்றாமல் இருக்க கிளைசின் பீட்டெய்ன் போன்ற பொருளைத் தானே தயாரித்துக்கொள்கிறது. அந்தக் கதவை எந்த மரபணு திறக்கிறது, எந்தப் புரதம் சோடியத்தைத் தள்ளுகிறது என்பதெல்லாம் இன்றைக்கு உலகம் முழுக்க ஆராயப்படுகிறது. சென்னையில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தில் வெண்கண்டலின் மரபணுக்களை எடுத்து நெல்லில் வைத்துச் சோதித்தார்கள்.

இதைவிட எளிய வழியும் உண்டு. செடியையே வயலில் நட்டு, உப்பை உறிஞ்சவிட்டு அறுத்து எடுப்பது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் இப்படி ஆறு உவர்த் தாவரங்களைச் சோதித்து 2007இல் முடிவு வெளியிட்டார்கள். நான்கு மாதத்தில் ஒரு ஹெக்டேரிலிருந்து உமரி 504 கிலோ உப்பையும், வங்காரவள்ளி 474 கிலோ உப்பையும் எடுக்க முடியும் என்பது அவர்கள் கணக்கு. கேட்க இனிமையாக இருக்கிறது. ஆனால் அறுத்த செடியை என்ன செய்வது? மாட்டுக்குப் போட்டால், தோல் பதனிடப் பயன்படும் குரோமியம் அதில் எவ்வளவு இருக்கும்? பாலாற்றங்கரை மண்ணில் கடலோர உமரி கடலோரத்தில் போலவே வளருமா? கீழிருந்து உப்பு மறுபடி மேலேறினால் எத்தனை ஆண்டு அறுத்துக்கொண்டே இருப்பது? ஆறு வருடம் மெனக்கெடத் தகுந்த கேள்விகள் இவை. கடலோரத்தில் விதை எடுத்து, செடியின் இயல்பைப் படித்து, அதை உள்நாட்டு உவர்நிலத்துக்குக் கொண்டுவருகிற ஆராய்ச்சிக்கு இரண்டு பக்கமும் தெரிந்த ஆள் வேண்டும். உங்கள் மகளுக்கு ஒரு பக்கம் ஏற்கெனவே வீட்டிலேயே இருக்கிறது.

இனிப் படிப்பு. இங்கே பலர் சறுக்கும் இடம் ஒன்று இருக்கிறது. கடல் மேல் உள்ள ஆசையில் எம்.எஸ்சி. கடல் உயிரியலில் சேர்ந்துவிடுவார்கள். பரங்கிப்பேட்டையில் வெள்ளாற்றுக் கழிமுகத்தில் இருக்கும் உயராய்வு மையம் நாட்டிலேயே பெயர் பெற்றது. படிப்பிலும் குறை சொல்ல மாட்டேன். ஆனால் கடல் உயிரியல் பாடத்திட்டத்தில் மீனும் இறாலும் மிதவை உயிரிகளும்தான் பெரும்பங்கு. தாவரத்துக்கு இடம் குறைவு. அதைவிட முக்கியமானது, பிற்பாடு அரசுக் கல்லூரித் தாவரவியல் துறைக்கு விண்ணப்பிக்கும்போது ‘உங்கள் பட்டம் தாவரவியலுக்கு இணையானதா?’ என்ற கேள்வி எழும். அந்த இணைத்தன்மைச் சான்றுக்காக அலைந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஆகவே எம்.எஸ்சி. தாவரவியலையே எடுக்கட்டும். ஆராய்ச்சியில் கடலுக்குப் போகட்டும். முதுகலை தாவரவியல் கையில் இருந்தால் கல்லூரிக் கதவும் மேல்நிலைப் பள்ளிக் கதவும் இரண்டுமே திறந்திருக்கும். எம்.எஸ்சி. இரண்டாம் ஆண்டு ஆய்வறிக்கையை மட்டும் மண்டபத்திலோ பரங்கிப்பேட்டையிலோ செய்ய முயலட்டும். துறைத்தலைவர் கடிதத்தோடு முன்கூட்டியே எழுதிக் கேட்டால் பெரும்பாலும் இடம் கொடுப்பார்கள். காட்பாடியிலிருந்து திருவண்ணாமலை வழியாக விழுப்புரம் போகும் ரயில் பாதை இதற்காகவே போட்டது போல இருக்கிறது.

முதுகலையோடு கூடவே, ஆராய்ச்சி உதவித்தொகைக்கும் கல்லூரி ஆசிரியர் வேலைக்குமான தகுதித் தேர்வு. சி.எஸ்.ஐ.ஆர்.-யு.ஜி.சி. நெட், உயிர் அறிவியல் தாள். 200 மதிப்பெண், மூன்று மணி நேரம், தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பு. வினாத்தாள் தமிழில் கிடையாது. மூன்று பகுதிகளில் கடைசிப் பகுதிக்கு மட்டும் 100 மதிப்பெண். அங்கே கொடுத்திருக்கும் 75 கேள்விகளில் 25ஐத் தேர்ந்து எழுதினால் போதும். எல்லாப் பாடத்தையும் மேலோட்டமாகப் படிப்பவர்கள் அந்தப் பகுதியில் விழுந்துவிடுவார்கள். செடியியங்கியல், சூழலியல், மரபியல் என்று நான்கைந்தை ஆழமாகப் படித்தவர்கள் தப்பிப்பார்கள். இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகையோடு தேறினால் மாதம் 37,000 ரூபாய், இரண்டு ஆண்டுக்குப் பிறகு 42,000. வீட்டு வாடகைப்படி தனி. 2023 ஜனவரி முதல் இந்த விகிதம். வயது வரம்பில் பெண்களுக்கு ஐந்து ஆண்டு தளர்வு உண்டு. இந்த உதவித்தொகை இல்லாமல் முழுநேர முனைவர் பட்டத்துக்குப் போக வேண்டாம் என்றுதான் என்னிடம் கேட்பவர்களுக்கெல்லாம் சொல்கிறேன். படகு வாடகையும் பஸ் செலவும் கைக்காசில் கொடுத்து ஆராய்ச்சி செய்தால் மூன்றாம் வருடம் வீட்டில் கடன் நிற்கும்.

வழிகாட்டியைத் தேர்ந்தெடுப்பது கல்லூரியைத் தேர்ந்தெடுப்பதைவிடப் பெரிய வேலை. அவருடைய பட்டங்களின் பட்டியலைப் பார்த்து மயங்காதீர்கள். அவரிடம் இப்போது ஆராய்ச்சி செய்யும் பிள்ளைகளிடம் தனியாகப் பேச வேண்டும். முந்தைய மாணவர்கள் எத்தனை ஆண்டில் முடித்தார்கள், இப்போது எங்கே இருக்கிறார்கள், களத்துக்கு அவரும் வருவாரா என்று கேட்க வேண்டும். பணம் கட்டினால் ஒரே வாரத்தில் கட்டுரை அச்சிடும் ஆய்விதழ்கள் இருக்கின்றன. வழிகாட்டியின் கட்டுரைகள் பெரும்பாலும் அந்த வகை என்றால் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடலாம். இன்னொரு எச்சரிக்கை. ஏதோ ஒரு கடற்பாசியை அரைத்து, சாறு எடுத்து, நாலு கிருமிகள் மேல் ஊற்றி, ‘நுண்ணுயிர் எதிர்ப்புத்திறன் காணப்பட்டது’ என்று முடிக்கும் ஆய்வேடுகள் நம் பல்கலைக்கழக நூலகங்களில் அடுக்கடுக்காக இருக்கின்றன. பட்டம் கிடைக்கும். அதை வைத்து அடுத்த இடத்துக்குப் போவது கடினம். அந்தத் தலைப்பை யாராவது தட்டில் வைத்துக் கொடுத்தாலும் மகள் வாங்கக் கூடாது.

நல்ல கேள்வி எப்படி இருக்கும் என்பதற்குப் பிச்சாவரமே சான்று. வெள்ளையர் காலத்தில் தொடங்கிப் பல பத்தாண்டுகள் அந்தக் காட்டைப் பகுதி பகுதியாக வெட்டி எடுத்தார்கள். வெட்டிய இடங்களில் மரம் திரும்ப வரவில்லை. ஊர்க்காரர்கள் ஆடு மாடு மேய்ப்பதால்தான் என்று பழி போட்டுவந்தார்கள். எம்.எஸ். சுவாமிநாதன் நிறுவனத்தினர் போய்த் தரையை அளந்தார்கள். மரம் போன வெயிலில் களிமண் வற்றி, நடுவில் தரை தாழ்ந்திருந்தது. ஓதத்தில் ஏறிய தண்ணீர் வற்றத்தில் இறங்க வழியில்லாமல் அந்தப் பள்ளத்தில் நின்று காய்ந்தது. உப்பு ஏறிக்கொண்டே போனது. மீன்முள் வடிவத்தில் கால்வாய் வெட்டித் தண்ணீர் போய்வர வழி செய்து நட்டபோது கண்டல் பிழைத்தது. இந்த முறை பிறகு வேறு கடற்கரைகளுக்கும் போனது. விலை உயர்ந்த கருவி எதுவும் இல்லாமல், தரைமட்டத்தையும் உப்பையும் அளந்து கண்டுபிடித்த உண்மை இது.

புள்ளியியலையும் சொல்லியாக வேண்டும். தாவரவியல் படிக்கும் பிள்ளைகள் கணக்கென்றால் ஓடுகிறார்கள். 2004 சுனாமிக்குப் பிறகு அலையாத்திக் காடு ஊர்களைக் காப்பாற்றியது என்று பரங்கிப்பேட்டை ஆய்வாளர்கள் 2005இல் கட்டுரை எழுதினார்கள். பதினெட்டுக் குப்பங்களின் தகவல் அதற்கு ஆதாரம். அடுத்த ஆண்டே வெளிநாட்டு ஆய்வாளர்கள் அதே எண்களை எடுத்து மறுபடி கணக்குப் போட்டு, கடலிலிருந்து எவ்வளவு தூரம், ஊர் எவ்வளவு மேடு என்பவையே சாவு எண்ணிக்கையை விளக்கிவிடுகின்றன, காட்டின் பங்கு தனியாகத் தெரியவில்லை என்று மறுத்தார்கள். காடு எங்கே வளர்கிறதோ அங்கே தூரமும் மேடும் கூடவே மாறுகின்றன. இவற்றைப் பிரித்துப் பார்க்கத் தெரியாமல் களத்தில் இறங்கினால் பல வருட உழைப்பை ஒரு மறுப்புக் கட்டுரை சாய்த்துவிடும். ‘ஆர்’ என்ற இலவசக் கணினி நிரல்மொழியை எம்.எஸ்சி. முடிவதற்குள் அவள் பழகிக்கொள்ள வேண்டும்.

காலக் கணக்கு. எம்.எஸ்சி. இரண்டு ஆண்டு. முனைவர் பட்டத்துக்குக் குறைந்தது மூன்று, அதிகபட்சம் ஆறு என்று யு.ஜி.சி.யின் (பல்கலைக்கழக மானியக் குழு) 2022ஆம் ஆண்டு விதிகள் சொல்கின்றன. பெண்களுக்கு மேலும் இரண்டு ஆண்டு தளர்வும், 240 நாள் வரை மகப்பேறு விடுப்பும் உண்டு. நடைமுறையில் களப்பணி உள்ள ஆய்வு ஐந்து ஆண்டு எடுக்கும். மழைக்காலம், கோடைக்காலம் என்று இரண்டு முழுச் சுற்றாவது அளக்க வேண்டியிருப்பதால் அவசரப்பட்டுப் பயனில்லை. இருபத்தெட்டு, இருபத்தொன்பது வயதாகிவிடும். கல்யாணத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கேள்விக்குள் அது இருக்கிறது. ஆராய்ச்சிக்கு நடுவில் கல்யாணம் செய்துகொண்டு நன்றாக முடித்த பெண்கள் நிறைய உண்டு. பாதியில் விட்டவர்களும் உண்டு. வித்தியாசம் மாப்பிள்ளை வீட்டாருக்கு முன்கூட்டியே விஷயம் தெரிந்திருந்ததா என்பதில்தான் பெரும்பாலும் இருந்தது.

வேலைக்கு வருகிறேன். உதவிப் பேராசிரியருக்கு யு.ஜி.சி. அளவுகோலில் தொடக்க அடிப்படைச் சம்பளம் 57,700 ரூபாய். 2023 ஜூலை முதல் நெட் அல்லது மாநிலத் தகுதித் தேர்வு போதும், முனைவர் பட்டம் கட்டாயமில்லை என்று ஆகிவிட்டது. ஆனாலும் போட்டியில் முனைவர் பட்டத்தின் எடை குறையவில்லை. சிக்கல், அரசுக் கல்லூரிகளுக்கு நிரந்தர நியமனம் எப்போதாவது ஒருமுறைதான் வருகிறது. இடைப்பட்ட காலத்தில் கௌரவ விரிவுரையாளராக மாதம் இருபத்தையாயிரம் அளவில், கோடை விடுமுறை மாதத்துக்குச் சம்பளமில்லாமல், நாற்பது வயது வரை ஓட்டும் முனைவர்களை எனக்குத் தெரியும். தனியார் கல்லூரிகளின் நிலை கல்லூரிக்குக் கல்லூரி மாறும். சிலவற்றில் சம்பளத்தை வெளியே சொல்லக் கூச்சப்படுவார்கள்.

அதனால் பேராசிரியர் என்ற ஒரே வாசலைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டாம். சென்னையில் அண்ணா பல்கலைக்கழக வளாகத்திலேயே நீடித்த கடற்கரை மேலாண்மைக்கான தேசிய மையம் இருக்கிறது. கோயம்புத்தூரில் இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் தென்மண்டல அலுவலகமும் சென்னை உலர்தாவரத் தொகுப்பும் இருக்கின்றன. வகைப்பாட்டில் தேர்ந்தவர்களுக்கு அது கோயில். தூத்துக்குடியில் சுகந்தி தேவதாசன் கடல்சார் ஆராய்ச்சி நிறுவனம், தொண்டியில் அழகப்பா பல்கலைக்கழகத்தின் கடலியல் துறை, மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள நிறுவனத்தின் நிலையம். கடற்கரை ஒழுங்குமுறைச் சான்றுக்காகத் தாவரக் கணக்கெடுப்பு செய்து தரும் ஆலோசனை நிறுவனங்களும், கரிமச் சேமிப்புக் கணக்கெடுப்பில் இறங்கியிருக்கும் அமைப்புகளும் ஆட்களை எடுக்கின்றன. திட்டப் பணி என்பதால் இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை இடம் மாற நேரும். செடியைப் பார்த்தவுடன் பெயர் சொல்லத் தெரிந்தவர்கள் குறைந்துகொண்டே வருவதால், அந்தத் திறமை இருந்தால் சோற்றுக்குப் பஞ்சமில்லை.

பி.எட். வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். இப்போது வேண்டாம் என்கிறேன். இரண்டு ஆண்டுப் படிப்பு அது. எம்.எஸ்சி. முடித்து, இரண்டு மூன்று முறை நெட் எழுதியும் உதவித்தொகை வராவிட்டால் அப்போது பி.எட். படித்து முதுகலை ஆசிரியர் தேர்வுக்குப் போகலாம். வயது ஒன்றும் ஓடிவிடாது.

படகைப் பற்றி. அலையாத்தி, உப்புச் சதுப்பு ஆய்வில் படகைவிடச் சேறுதான் அதிகம். கடற்புல், கடற்பாசியில் ஃபைபர் படகில் போக நேரும். தனியாக யாரும் போவதில்லை. கூடவே படகோட்டியும் உதவியாளரும் இன்னொரு மாணவரும் இருப்பார்கள். பாக் நீரிணை வடகிழக்குப் பருவத்தில் கொந்தளிக்கும். மன்னார் வளைகுடா தென்மேற்குப் பருவத்தில். இது தெரிந்தவர்கள் ஆண்டு முழுவதும் ஏதாவது ஒரு பக்கம் வேலை பார்ப்பார்கள். உண்மையான தொல்லை அனுமதிதான். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா. வனத்துறையின் எழுத்துபூர்வ அனுமதி இல்லாமல் ஒரு கைப்பிடி பாசி எடுத்தாலும் குற்றம். அனுமதி வர மாதங்கள் ஆகும். பதிவு செய்த உடனேயே விண்ணப்பிக்காதவர்கள் முதல் பருவத்தையே இழந்துவிடுவார்கள். ஊர் மீனவர்களிடமும் சொல்லிவிட்டுத்தான் இறங்க வேண்டும். எந்தப் பாறையில் எந்த மாதம் எந்தப் பாசி என்பது பாசி எடுக்கும் பெண்களுக்குத் தெரிந்த அளவுக்கு எந்த நூலிலும் கிடையாது. அவர்கள் சொல்லும் தகவலை எழுதும்போது அவர்களுக்கு நன்றி சொல்லாத ஆய்வேடுகளைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும்.

இந்த ஆண்டு ஒன்று செய்யலாம். பாலாறு கல்பாக்கத்துக்கு அருகே வயலூரில் கடலில் சேர்கிறது. அதற்குத் தெற்கே, திண்டிவனம் வழியாகப் போனால் மரக்காணத்தில் உப்பளங்களும் கழுவெளிச் சதுப்பு நிலமும் இருக்கின்றன. பிப்ரவரி, மார்ச்சில் உப்பு வாரும் பருவத்தில் நீங்களும் மகளும் ஒரு நாள் போய்வாருங்கள். வரப்பில் உமரி இருக்கும். பறிக்க வேண்டாம், நாலைந்து இடங்களில் எந்தச் செடி தண்ணீரை ஒட்டி நிற்கிறது, எது மேட்டில் நிற்கிறது என்று ஒரு நோட்டில் வரைந்துகொண்டு வரட்டும். அதே நோட்டில் உங்கள் ஊர் ஓடைக்கரையில், உப்புப் பூத்த நிலத்தில், என்ன செடி முளைத்திருக்கிறது என்றும் வரையட்டும். எம்.எஸ்சி. நேர்காணலுக்குப் போகும்போது அந்த நோட்டைக் கையில் எடுத்துச் செல்லச் சொல்லுங்கள். நீச்சல் வகுப்புக்கும் இந்தக் கோடையிலேயே சேர்த்துவிடுங்கள்.